ஒரு வால்வும் நான்கு ராக்கெட்டுகளும்

(ராமச்சந்திராபுரத்தில் மாலை வகுப்புக்கு வருகிற தமிழ் மக்களிடையே ஆற்றிய உரை)



போன வாரம் எல்லோரும் சேர்ந்து செய்தித்தாள் படித்தோம். அப்போது ஓர் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "மேலே போன ராக்கெட் திரும்பி வருமா?" என்றார். "வராது" என்றேன். அவர் விடவில்லை. "மிக்சி கெட்டால் கழற்றிப் பார்க்கலாம். ராக்கெட் கெட்டுக் கடலில் விழுந்தால் யார் கழற்றிப் பார்ப்பது? எது கெட்டது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நம் நாட்டில் செயற்கைக்கோளைச் சுமக்கச் செய்த முதல் ராக்கெட்டின் கதையைச் சொன்னால் பதில் கிடைக்கும். அந்த ராக்கெட்டின் பெயர் எஸ்.எல்.வி.-3. செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் வண்டி என்று பொருள்.

மொத்தம் நான்கு முறை அது பறந்தது. 1979, 1980, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் பறந்தது. நான்கு முறையும் நான்கு புது ராக்கெட்டுகள். ஒரு முறை பறந்ததோடு அந்த ராக்கெட் தீர்ந்தது. தீபாவளி ராக்கெட்டைப் பற்றவைத்தால் மறுபடி பெட்டிக்குள் வைக்க முடியுமா? அதுபோலத்தான்.

முதலில் அது எப்படி இருந்தது என்று பார்ப்போம்.

உயரம் ஏறத்தாழ 22 மீட்டர். ஆறேழு மாடிக் கட்டடம் அளவு. பருமன் அதிகம் இல்லை. அடிப்பகுதியின் குறுக்களவு ஒரே ஒரு மீட்டர். எடை 17 டன். அந்த 17 டன்னில் ஏறத்தாழ 13 டன் எரியும் மருந்துதான். இவ்வளவும் சேர்ந்து எவ்வளவு சுமையை மேலே கொண்டுபோகும்? 40 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையைவிடக் குறைவு!

இவ்வளவு பெரிய வண்டிக்கு இவ்வளவு சிறிய சுமையா என்று தோன்றும். காரணம் வேகம். ஒரு பொருள் கீழே விழாமல் பூமியைச் சுற்ற வேண்டுமானால், அது ஒரு நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓட வேண்டும். இங்கிருந்து பட்டான்செருவுக்குப் பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த வேகத்தில் போனால் ஒரு நொடிகூட ஆகாது. அந்த வேகத்தைக் கொடுக்கத்தான் அவ்வளவு மருந்தும் செலவாகிறது.

இன்னொரு சங்கடம் உண்டு. மருந்து எரிந்து தீர்ந்தபின் வெறும் கூடு மிஞ்சும். அதையும் சுமந்துகொண்டு ஓடினால் வேகம் வராது. அதனால் ராக்கெட்டை அடுக்கடுக்காகச் செய்கிறார்கள். டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு அடுக்கு. திருப்பதி மலைக்கு நடந்து ஏறுகிறவர், ஓர் அடுக்கில் உள்ளதைச் சாப்பிட்டதும் அந்தப் பாத்திரத்தை வழியிலேயே விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுமை குறையும். கால் வேகமாக நடக்கும். எஸ்.எல்.வி.-3-க்கும் நான்கு அடுக்குகள். கீழ் அடுக்கு பெரியது. அதில் மட்டும் எட்டரை டன்னுக்கு மேல் மருந்து. அது எரிந்து முடிந்ததும் கழன்று கடலில் விழும். உடனே இரண்டாம் அடுக்கு எரியும். பிறகு மூன்றாவது, பிறகு நான்காவது. உச்சியில் இருக்கிற நான்காவது அடுக்கில் ஏறத்தாழ 260 கிலோ மருந்துதான்.

நான்கு அடுக்கிலும் இருந்தது திட மருந்து. அதாவது கெட்டியான மருந்து. மாவு பிசைவதுபோல் பிசைந்து, கூட்டுக்குள் வார்த்து, சூட்டில் வைத்துக் கெட்டியாக்குவார்கள். இதில் ஒரு வசதி, கசியாது. ஒரு தொல்லையும் உண்டு. பற்றவைத்துவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. எரிந்து தீர வேண்டியதுதான்.

எரிந்தால் போதுமா? ராக்கெட் நேராகப் போக வேண்டாமா? சைக்கிளுக்கு ஹேண்டில்பார் போல ராக்கெட்டுக்கும் திருப்புகிற கருவி வேண்டும். இரண்டாம் அடுக்கின் பக்கவாட்டில் சிறு சிறு குழாய்கள் இருந்தன. அவற்றில் இரண்டு திரவங்கள் வரும். ஒன்று எரிபொருள். மற்றொன்று நைட்ரிக் அமிலம். பொற்கொல்லர் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். இது அதைவிடக் கொடியது. சிவப்பாகப் புகைந்துகொண்டே இருக்கும். எரிபொருளும் இந்த அமிலமும் ஒன்றையொன்று தொட்டாலே தீப்பிடிக்கும். தீக்குச்சியே வேண்டாம். அந்தத் தீ ராக்கெட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளித் திருப்பும். அமிலத்தைத் திறக்கவும் மூடவும் வால்வுகள் இருந்தன. மின்சாரத்தில் இயங்கும் வால்வுகள். நம் கதையில் முக்கியமான ஆள் இந்த வால்வுதான். மறந்துவிடாதீர்கள்.

இந்த ராக்கெட்டைச் செய்யும் திட்டத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? ராமேசுவரத்தில் படகுக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம். பிற்காலத்தில் குடியரசுத் தலைவர் ஆனாரே, அவரேதான். விண்வெளி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் சதீஷ் தவான். அவருக்கு முன்பு இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் விக்ரம் சாராபாய். அவர் 1971 டிசம்பரில் காலமானார். ராக்கெட் பறந்ததை அவர் பார்க்கவில்லை.

வேலை திருவனந்தபுரத்தில் நடந்தது. ராக்கெட் பறந்தது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. அது சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள தீவு. கிழக்கே பரந்த கடல். ராக்கெட்டின் அடுக்குகள் விழுந்தால் யார் தலையிலும் விழாது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் அந்த வேகமும் ராக்கெட்டுக்குச் சும்மா கிடைக்கும். அங்கே முன்பு யானாதி என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். ஏவுதளம் வந்தபோது அவர்கள் இடம்பெயர வேண்டி வந்தது. ராக்கெட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. அதனால் நான் சொன்னேன்.

இப்போது வால்வுக்கு வருவோம்.

1979-ல் ஒரு விபத்து நடந்தது. ராக்கெட் பறக்கும் முன்பு, இரண்டாம் அடுக்கின் திருப்பும் கருவியைத் தரையில் வைத்துச் சோதித்தார்கள். அதில் பன்னிரண்டு வால்வுகள். சோதனைக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. ஒரு வால்வு மட்டும் வேலை செய்யவில்லை. என்னவென்று பார்க்க ஆறு பேர் அருகில் போனார்கள். திடீரென்று அமிலத் தொட்டி வெடித்தது. ஆறு பேர் மேலும் அமிலம் பட்டது. உடம்பு வெந்தது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். காயம்பட்டவர்களில் ஒருவர் நினைவு திரும்பியதும் என்ன சொன்னார் தெரியுமா? நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். வேலை தாமதமாகாமல் ஈடுகட்டிவிடுகிறோம் என்றார். கலாம் தம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் இதை எழுதியிருக்கிறார். பட்டறையிலும் ஆலையிலும் வேலை செய்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இதைக் கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

1979 ஆகஸ்டு 10. காலை 7.58. முதல் எஸ்.எல்.வி.-3 கிளம்பியது.

கிளம்புவதற்குச் சற்று முன்பே ஒரு தடங்கல் வந்தது. கலாம் பின்னாளில் பல மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்த கணினி, "நிறுத்து" என்றது. திருப்பும் கருவியில் கசிவு இருப்பதாகக் காட்டியது. பக்கத்தில் இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டார்கள். கசிந்தாலும் மிச்சம் போதுமானது இருக்கிறது என்றார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டுப் புறப்பட உத்தரவு கொடுத்தார்.

முதல் அடுக்கு அருமையாக எரிந்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. இரண்டாம் அடுக்கு எரியத் தொடங்கியதும் ராக்கெட் தள்ளாட ஆரம்பித்தது. மருந்து எரிகிறது, திருப்ப ஆள் இல்லை. ஸ்டியரிங் கழன்ற லாரி மாதிரி. மேல் அடுக்குகள் பற்றிக்கொள்வதற்கு முன்பே, புறப்பட்ட 317-வது நொடியில், 560 கிலோமீட்டர் தொலைவில் வங்காள விரிகுடாவில் விழுந்தது.

இப்போதுதான் அந்த அம்மா கேட்ட கேள்வி வருகிறது. ராக்கெட் கடலுக்கு அடியில். எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ராக்கெட் பறக்கும்போது வாய் மூடாமல் பேசிக்கொண்டே போகும். வானொலி அலை மூலம் பேசும். "இந்தக் குழாயில் அழுத்தம் இவ்வளவு. இந்த இடத்தில் சூடு இவ்வளவு. நான் இத்தனை பாகை சாய்ந்திருக்கிறேன். இந்த வால்வு திறந்தது, அந்த வால்வு மூடியது." இப்படி ஒவ்வொரு நொடியும் எண்களாக அனுப்பும். ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலில் ஓர் அட்டை தொங்குமே, காய்ச்சலும் நாடித்துடிப்பும் எழுதிய அட்டை? அதுபோல. தரையில் இருக்கும் நிலையங்கள் அதையெல்லாம் பதிவு செய்துகொள்ளும். ராக்கெட் போனாலும் அந்த எண்கள் கையில் இருக்கும். அந்த எண்களைப் படித்துத்தான் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும்.

மறுநாளே, ஆகஸ்டு 11 அன்று, எழுபதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனார்கள். ராக்கெட் ஏன் விழுந்தது? இரண்டாம் அடுக்கில் திருப்பும் விசை இல்லை. ஏன் இல்லை? எரிபொருள் மட்டும் வந்தது, அமிலம் வரவில்லை. இரண்டும் சேர்ந்தால்தானே தீ வரும்? அமிலம் ஏன் வரவில்லை? தொட்டியில் பெரும்பகுதி முன்பே வடிந்துவிட்டது. எப்போது வடிந்தது? பறந்தபோது அல்ல, தரையில் நின்றபோதே வடியத் தொடங்கிவிட்டது! புறப்பட 8 நிமிடம் இருக்கும்போது ஒரு வால்வு திறக்கும்படி கட்டளை போனது. அது திறந்தது. மறுபடி மூடவில்லை. அதற்குள் ஏதோ அழுக்கு சிக்கியிருந்தது.

அவ்வளவுதான். வீட்டுக் குழாயில் வாஷருக்கு அடியில் மணல் சிக்கினால் எப்படிச் சொட்டுமோ, அதே கதை. 17 டன் ராக்கெட்டைக் கடலில் தள்ளியது ஒரு வால்வில் சிக்கிய அழுக்கு.

கணினி சொன்னது சரி. நிபுணர்களின் கணக்குத்தான் தவறிவிட்டது. ஆனாலும் அவர்களைத் திட்டுவது எளிது. புறப்படும் நேரத்தில், எல்லாம் ஏற்றி முடித்து, ஆண்டுக்கணக்கான உழைப்பு மேடைமேல் நிற்கும்போது "நிறுத்து" என்று சொல்ல மனது வர வேண்டும். அது சுலபம் இல்லை.

அன்று பத்திரிகைக்காரர்கள் கூடிவிட்டார்கள். மக்கள் பணத்தைக் கடலில் கொட்டினீர்களே என்று கேட்கத்தானே செய்வார்கள்? கலாம் அந்தக் காட்சியைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். சதீஷ் தவான் தாமே முன்னால் போய் உட்கார்ந்தார். தோல்விக்குப் பொறுப்பைத் தாம் ஏற்றார். தம் ஆட்கள் அடுத்த முறை வெல்வார்கள் என்றார். கலாமைக் கைகாட்டவில்லை. ஒரே ஓர் ஆண்டு கழித்து ராக்கெட் வென்றபோது, பத்திரிகைக்காரர்கள் முன்னால் கலாமை உட்காரச் சொன்னார். தாம் ஒதுங்கிக்கொண்டார். நம்மில் எத்தனை மேஸ்திரிகள், எத்தனை அதிகாரிகள் இப்படிச் செய்வார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆம், ஓர் ஆண்டுக்குள் வென்றார்கள். 1980 ஜூலை 18. காலை 8.03. இரண்டாவது ராக்கெட் கிளம்பியது. நான்கு அடுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ஏறத்தாழ பத்து நிமிடத்தில் ரோகிணி என்ற செயற்கைக்கோள் தன் பாதையில் போய்ச் சேர்ந்தது. அதன் எடை 35 கிலோ. பள்ளிக்கூடப் பையன் ஒருவனின் எடை!

இதற்கு முன்பு சோவியத் நாடு, அமெரிக்கா, பிரான்சு, ஜப்பான், சீனா ஆகியவை தம் சொந்த ராக்கெட்டில் செயற்கைக்கோள் அனுப்பியிருந்தன. பிரிட்டனும் 1971-ல் ஒரே ஒரு முறை அனுப்பியது, அதற்குமேல் அந்த வேலையைத் தொடரவில்லை. அதனால் சிலர் இந்தியாவை ஆறாவது நாடு என்பார்கள். பிரிட்டனையும் எண்ணுகிறவர்கள் ஏழாவது என்பார்கள். இரண்டையும் நீங்கள் புத்தகங்களில் பார்க்கலாம். குழம்ப வேண்டாம்.

மூன்றாவது ராக்கெட் 1981 மே 31 அன்று பறந்தது. இது பாதி வெற்றி. 38 கிலோ செயற்கைக்கோள் மேலே போனது. ஆனால் போக வேண்டிய உயரத்துக்குப் போகவில்லை. தாழ்வாகச் சுற்றினால் அங்கே மெல்லிய காற்று இருக்கும். காற்று உரசி உரசி வேகம் குறையும். ஒன்பதே நாளில் அது கீழே இறங்கி எரிந்துபோனது.

நான்காவது ராக்கெட் 1983 ஏப்ரல் 17 அன்று பறந்தது. முழு வெற்றி. 41.5 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள், கேமராவால் பூமியைப் பார்த்து 2,500-க்கு மேற்பட்ட படங்களை அனுப்பியது. அத்தோடு எஸ்.எல்.வி.-3-இன் வேலை முடிந்தது. 40 கிலோ சுமந்து என்ன செய்வது? அடுத்து இன்னும் பெரிய ராக்கெட்டுகள் செய்யப் போனார்கள். அவற்றிலும் முதல் முயற்சிகள் தோற்றன. ஏ.எஸ்.எல்.வி. 1987-லும் 1988-லும் கடலில் விழுந்தது. பி.எஸ்.எல்.வி. 1993-ல் முதல்முறை தோற்றது. அந்தப் பி.எஸ்.எல்.வி.தான் பிறகு முதல் சந்திராயனையும் மங்கள்யானையும் கொண்டுபோனது.

எஸ்.எல்.வி.-3 நம் ஹைதராபாத்துக்கும் வந்தது. எப்படி என்கிறீர்களா? 1982-ல் கலாம் இங்கே வந்தார். நகரத்தின் மறுகோடியில் காஞ்சன்பாக்கில் இருக்கும் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவரானார். அங்கே உருவான அக்னி ஏவுகணை 1989 மே 22 அன்று முதன்முறை பறந்தது. அதன் கீழ் அடுக்கு எஸ்.எல்.வி.-3-இன் முதல் அடுக்குதான். ரோகிணியைத் தூக்கிய தோள், குண்டு சுமக்கும் ஏவுகணையையும் தூக்கியது. இது நல்லதா கெட்டதா என்று நாம் இன்னொரு நாள் பேசலாம். பேச வேண்டிய விஷயம்தான்.

அங்கிருந்து வேறொன்றும் வந்தது. பஞ்சகுட்டாவில் உள்ள நிம்ஸ் ஆஸ்பத்திரியில் போலியோவால் கால் சூம்பிய குழந்தைகள் மூன்று கிலோ எடையுள்ள உலோகத் தாங்கிகளைக் காலில் கட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தார்கள். ஏவுகணைக்குச் செய்த லேசான பொருளை அங்கிருந்த டாக்டர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தார். அதே மாதிரிப் பொருளில் 300 கிராம் எடையில் கால்தாங்கி செய்து கொடுத்தார்கள். தம் வாழ்நாள் வேலையில் தமக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது இதுவே என்று கலாம் சொல்லியிருக்கிறார்.

நாற்பது ஆண்டு கழித்து மறுபடி ஒரு சிறிய ராக்கெட் தேவைப்பட்டது. இப்போது செயற்கைக்கோள்களே சிறியதாகிவிட்டன. கொஞ்சம் சாமானுக்கு லாரி பிடிப்பானேன், ஆட்டோ போதுமே? அந்த ஆட்டோவுக்குப் பெயர் எஸ்.எஸ்.எல்.வி. 500 கிலோ வரை சுமக்கும். 2022 ஆகஸ்டு 7 அன்று முதல்முறை பறந்தது. அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் சேர்ந்து செய்த சிறு செயற்கைக்கோளும் அதில் இருந்தது. மூன்று அடுக்கும் சரியாக எரிந்தன. ஆனாலும் தோல்வி!

மறுபடி எண்களைப் படித்தார்கள். இரண்டாம் அடுக்கு கழன்றபோது ராக்கெட் ஒரு கணம் கடுமையாக அதிர்ந்தது. வேகமாற்றத்தை அளக்கிற கருவிகள் அந்த ஒரு கணம் மிரண்டுபோயின. கருவிகளே கெட்டுவிட்டன என்று ராக்கெட்டின் கணினி நினைத்துக்கொண்டது. அவற்றை ஒதுக்கிவிட்டுத் தானாக ஒரு வழியில் போனது. செயற்கைக்கோள்கள் மிகத் தாழ்வான பாதையில் விழுந்து அழிந்தன. 1979-ல் கணினி சொன்னதை மனிதர் கேட்கவில்லை. 2022-ல் கருவி சொன்னதைக் கணினி நம்பவில்லை. காரணம் தெரிந்தபின் திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று அடுத்த எஸ்.எஸ்.எல்.வி. வென்றது. மாணவிகள் மறுபடி செய்த செயற்கைக்கோளும் அதில் போனது.

அதே 2022-இல், நவம்பர் 18 அன்று, நம் ஹைதராபாத்தில் உள்ள ஸ்கைரூட் என்ற தனியார் கம்பெனி செய்த விக்ரம்-எஸ் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. ஆறு மீட்டர் உயரம், ஒரே அடுக்கு. 89.5 கிலோமீட்டர் உயரம் போய்க் கடலில் இறங்கியது. பூமியைச் சுற்றவில்லை. அதற்காகச் செய்ததும் இல்லை. விக்ரம் என்ற பெயர் சாராபாயின் நினைவாக வைத்தது.

அமெரிக்காவில் ஒரு கம்பெனி 2015-ல் ராக்கெட்டின் கீழ் அடுக்கைத் தரையில் இறக்கியது, பிறகு அப்படி இறக்கியதை மறுபடி பயன்படுத்தவும் தொடங்கியது. ஆகவே திரும்பி வருகிற ராக்கெட்டும் உலகில் உண்டு. ஆனால் திரும்பி வர மருந்தை மிச்சம் பிடிக்க வேண்டும். சிறிய ராக்கெட்டில் அந்த மிச்சத்துக்கு இடம் குறைவு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட், இலங்கை மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். பெரிய ராக்கெட் அந்தச் செலவைத் தாங்கும். சிறியது தாங்காது. அதனால்தான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் கட்ட 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கே கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால், அண்டார்டிகா வரை வெறும் கடல்தான்.

கேட்க நினைப்பதைக் கேளுங்கள்.